கணையப் புற்றுநோய் அறுவைக்குப் பின்: பயாப்சி அறிக்கையில் நிணநீர்க்கணு வரியைப் படிக்கும் முறை

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் கணையப் புற்றுநோய்க்கு அறுவை முடித்துத் திரும்பும் நம் பக்கத்துக் குடும்பங்கள், பயாப்சி அறிக்கையில் கட்டி முழுதும் நீங்கியதா என்பதைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதே அளவு முக்கியமான இன்னொரு வரியும் அதில் உண்டு: நிணநீர்க்கணு பற்றிய வரி.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிதான் நிணநீர்க்கணு. மலையாளத்தில் இதைக் ‘கழல’ என்பார்கள். அது நம் காதில் ‘கழலை’ என்று விழுவதால், இன்னொரு கட்டி வந்துவிட்டதாகப் பதறிவிடுகிறோம். கணுக்கள் எல்லோருடைய உடலிலும் இருப்பவை. கணையத்தை விட்டு நகரும் புற்றுச்செல்கள் பல நேரங்களில் முதலில் அங்கேதான் தங்குகின்றன.

அடுத்து, எந்த அறுவை என்று பாருங்கள். கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் விப்பிள் அறுவை. அதில் முன்சிறுகுடல், பித்தநாளம் ஆகியவற்றோடு அவற்றை ஒட்டிய கணுக்களும் எடுக்கப்படும். வால்பகுதி என்றால் பெரும்பாலும் மண்ணீரலும் அதையொட்டிய கணுக்களும் எடுக்கப்படும்.

இனி எண்கள். ‘3/18’ என்றிருந்தால், 18 கணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 3 கணுக்களில் புற்று கண்டிருக்கிறார்கள் என்று பொருள். பின்னால் உள்ள எண்ணையே முதலில் படிக்கச் சொல்வேன். நோய்நிலையைச் சரியாகக் கணிக்க விப்பிள் அறுவையில் குறைந்தது 12 கணுக்களாவது ஆராயப்பட வேண்டும் என்பது நெறிமுறை. ஆகவே ‘0/5’ தரும் ஆறுதல் ‘0/20’ தரும் ஆறுதலுக்கு ஈடாகாது. எடுத்த கொழுப்புத் திசுவை விரலால் தடவித் தடவிக் கணுக்களைத் தேடும் நோய்க்குறியியல் மருத்துவரின் பொறுமையும் இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. இந்தக் கணுநிலையை அறிக்கையில் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள்: புற்றுள்ள கணு எதுவும் இல்லையென்றால் என்0, 1 முதல் 3 வரை என்1, 4 அல்லது அதற்கு மேல் என்2.

“எல்லாக் கணுக்களையும் வழித்தெடுத்திருக்கலாமே” என்று வருந்த வேண்டாம். அகலமாக எடுத்துப் பார்த்த ஒப்பீட்டு ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை. குடலுக்குச் செல்லும் தமனியைச் சுற்றிய நரம்புகளும் சேர்ந்து போனதால் கடுமையான வயிற்றுப்போக்குதான் மிஞ்சியது.

கடைசியாக, என்0 என்று வந்தாலும் உடல் தேறியபின் கீமோ தருவதே வழக்கம். எப்போது தொடங்குவது என்று அறிக்கை கைக்கு வந்ததுமே கேட்டுவிடுங்கள். ஊர்ப்பக்கத்தில் கீமோவைத் தொடர்வதானால், அறிக்கையின் நகலோடு மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.