மென்பொருள் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றை வாசித்து எடைபோடுவது எப்படி?

மென்பொருளுக்குக் காப்புரிமை வழங்கலாமா, கூடாதா என்ற வாதம் பெரும்பாலும் கொள்கையளவிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு வழக்கும் தீர்வது, விண்ணப்பத்தின் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைக் கோரல்களின், அதாவது இத்துறையினர் 'கிளெய்ம்' என்று அழைக்கும் வாக்கியங்களின், ஓரிரு வரிகளில்தான். நிரல் எழுதத் தெரிந்து சட்டம் படிக்காத ஒருவரும் இந்திய விண்ணப்பம் ஒன்றை எடுத்துவைத்து, அது எதன்மீது உரிமை கேட்கிறது, அதை எதிர்க்க இடமுண்டா என்று கண்டறிய முடியும்.

தொடங்குமுன் பதிப்புரிமையையும் காப்புரிமையையும் பிரித்துவைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதிய நிரல் வரிகளுக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தானாகவே பாதுகாப்பு தருகிறது. காப்புரிமையோ வரிகளை விட்டுவிட்டு, அவை செய்யும் வேலையின் வழிமுறையைப் பிடித்துக்கொள்கிறது. அதனால், யாருடைய நிரலையும் பாராமல் தன் அறையில் அமர்ந்து சொந்தமாக எழுதியவரும், விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும் அந்த உரிமையை மீறியவராகிவிடக்கூடும். நிரலாளர்களின் எதிர்ப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து, 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவை எழுதி மேசையில் வைத்துக்கொள்ளவும். கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்புகள் ஆகா என்கிறது அது. சண்டை முழுவதும் 'தன்னளவிலான' என்ற சொல்லைச் சுற்றியே நடக்கிறது. நிரலோடு சேர்ந்து உருவாகும் வேறு கண்டுபிடிப்புகளும் அடிபட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகவே, 2002 திருத்தத்தின்போது நாடாளுமன்றக் கூட்டுக்குழு அதைச் சேர்த்தது. தொழில்துறைப் பயன்பாடு கொண்ட நிரல்களுக்கும் வன்பொருளோடு இணைந்த நிரல்களுக்கும் வெளிப்படையாகவே கதவைத் திறந்துவிட 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் முயன்றது. 2005-இல் திருத்தச் சட்டம் நிறைவேறியபோது நாடாளுமன்றம் அந்த வரியை ஏற்கவில்லை. காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டுதல்களும் நிலையாக நிற்கவில்லை. 2015 ஆகஸ்டில் வந்தவை எதிர்ப்பால் அவ்வாண்டு டிசம்பரிலேயே நிறுத்திவைக்கப்பட்டன. 2016 பிப்ரவரியில் வந்தவை புதிய வன்பொருள் வேண்டும் என்றன. 2017 ஜூனில் அந்த நிபந்தனையும் போயிற்று. ஆகவே நடப்பிலுள்ள பதிப்பையே பார்க்கவும். பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

பொதுவாக 18 மாதங்கள் கழிந்து விண்ணப்பம் வெளியிடப்படும். அலுவலகத்தின் இணையத் தேடலில் முழு ஆவணமும் கிடைக்கும். தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்து ஆத்திரப்படுவது வீண் வேலை, ஏனெனில் அவற்றில் உரிமை எதுவும் இல்லை. வேறெந்தக் கோரலையும் சாராமல் நிற்கும் முதல் கோரலைத் தாளில் எழுதிக்கொண்டு, 'செயலி', 'நினைவகம்', 'வலையமைப்பு', 'சர்வர்' போன்ற பொதுக் கருவிச் சொற்களைப் பென்சிலால் அடித்துவிடவும். மிஞ்சி நிற்பதே அந்த விண்ணப்பத்தின் உண்மையான சரக்கு.

அமேசானின் 'ஒரே சொடுக்கு' காப்புரிமையை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1999 செப்டம்பரில் வழங்கப்பட்ட அதன் கோரலை இவ்வாறு அடித்துப் பார்த்தால், வாடிக்கையாளரின் விவரத்தை முன்பே குறித்துவைத்திருந்து, அவர் ஒரு சைகை காட்டியதும் ஆர்டரைப் பதிவது என்பதே மிஞ்சுகிறது. 'கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு மளிகைப் பையோடு நடந்தவர்களுக்கு இதில் புதுமை தென்படுவது கடினம். ஆலிஸ் (Alice) என்ற நிறுவனத்தின் காப்புரிமை பற்றிய வழக்கில் மிஞ்சியது, இரு தரப்புக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் நின்று பணப் பரிமாற்றத்தின் இடரைக் குறைப்பது என்ற பழைய வணிக வழக்கம். அதைக் கணினியில் செய்வதால் மட்டும் காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என்று 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக, அதே நீதிமன்றம் 1981-இல் தீர்ப்பளித்த டையர் (Diehr) என்பவரின் வழக்கில், கணினிச் சொற்களை அடித்த பின்னரும் ரப்பர் வார்ப்பச்சு ஒன்று அங்கே நின்றது: உள்வெப்பத்தை இடைவிடாமல் அளந்து, பதப்படும் நேரத்தை மீண்டும் மீண்டும் கணக்கிட்டு, சரியான நொடியில் அச்சைத் திறக்கும் முறை அது. அந்தக் காப்புரிமை தப்பியது, ஆனால் நீதிபதிகள் 5-க்கு 4 என்று பிரிந்த கணக்கில்தான்.

இந்தப் பென்சில் சோதனை வாசகருக்கான கருவியே தவிரச் சட்டம் அன்று. கோரலை முழுமையாகவே வாசிக்க வேண்டும் என்று டையர் தீர்ப்பே சொல்கிறது. இந்தியாவிலும், நிரல் சார்ந்தது என்பதற்காக மட்டும் ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கலாகாது, அதில் தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ உண்டா என்று பார்க்க வேண்டும் என 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. எனவே மிஞ்சிய வரியிடம் அடுத்த கேள்வியைக் கேட்கவும்: இதனால் கணினியோ, அதோடு இணைந்த இயந்திரமோ மேலாக இயங்குகிறதா, அல்லது ஒரு வியாபாரியின் வேலை மட்டும் எளிதாகிறதா? என் பார்வையில், 'தொழில்நுட்ப விளைவு' என்பது நாடாளுமன்றம் ஏற்க மறுத்ததைப் பின்வாசல் வழியாக அழைத்துவரும் சொல். ஆயினும் எதிர்ப்பவர் அதற்கும் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிரிவு 3(கே) கைகொடுக்காத இடத்தில் பழைய சான்று கைகொடுக்கலாம். விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கான முதல் விண்ணப்பம் தாக்கலான நாளுக்கு, முன் பொதுவில் வெளியான கையேடு, ஆய்வுக் கட்டுரை, திறந்த மூல நிரல் எதுவும் பயன்படும். தேதியை நிறுவ முடியாத சான்று மட்டும் பயன்படாது. புதுமை இல்லை என்று வாதிட, கோரலின் ஒவ்வோர் அங்கமும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். அங்கங்கள் சிதறிக் கிடந்தால், அவற்றை இணைப்பது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்று வாதிட வேண்டியிருக்கும். கோரலின் அங்கங்களை இடப்புறமும் சான்றின் வரிகளை வலப்புறமும் இட்ட அட்டவணை ஒன்று, பத்துப் பக்க வாதத்தைவிட எளிதில் வாசிக்கப்படும்.

வெளியீட்டுக்குப் பின், காப்புரிமை வழங்கப்படுமுன், பிரிவு 25(1)-இன் கீழ் எவரும் படிவம் 7ஏ வழியாக எதிர்ப்பைத் தாக்கல் செய்யலாம். 2024 விதித்திருத்தத்திற்குப் பிறகு இதற்குக் கட்டணம் உண்டு. எதிர்ப்பு ஏற்கத்தக்கதா என்றும் முதலில் பரிசீலிக்கப்படும். தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்களின் கோப்புகள் சென்னை அலுவலகத்தில் இருக்கும். நேரில் வாதிட விரும்பினால் விசாரணை வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டுவிடவும். வெளியீட்டிலிருந்து 6 மாதங்களுக்குள் காப்புரிமை வழங்கப்படமாட்டாது என்பதால் அதுவரை உறுதியான அவகாசம் உண்டு. வழங்கப்பட்டுவிட்டாலோ, அதன் அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள், அதுவும் அதில் நேரடி அக்கறை உள்ளவர் மட்டுமே, பிரிவு 25(2)-இன் கீழ் எதிர்க்க முடியும்.