மேடையிலும் தொடரிலும் திரையிலும் நடிக்க விரும்பும் நடிகைக்கு

வழி இருந்தால் மேடையில் தொடங்குவது நல்லது. ஒரு பாத்திரத்தை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை இடைவிடாமல் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமைவதில்லை. ஆனால், கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பழகிய குரல், ஆடைக்குள் மைக் பொருத்தப்பட்ட படப்பிடிப்பில் கூச்சலாக ஒலிக்கும். ‘நடிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று அங்கே சொல்வார்கள். அது பாதிதான் சரி. குரலின் அளவையும் கையசைவின் வீச்சையும் குறைக்க வேண்டுமே தவிர உணர்ச்சியை அல்ல. குளோசப்பில் ஓர் இமைத்துடிப்பும் நடிப்பாகவே பதிவாகும் என்பதால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு சட்டகத்துக்குள் முகம் மட்டும் வருகிறதா, இடுப்பு வரை வருகிறதா என்று ஒளிப்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரைப்படக் காட்சிகள் பெரும்பாலும் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. கணவன் இறந்த காட்சியைக் காலையிலும் அவனை முதன்முதலாகச் சந்திக்கும் காட்சியை மாலையிலும் நடிக்க நேரலாம். எனவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, காட்சி எண்ணுக்குக் கீழே, அந்த நேரத்தில் பாத்திரத்துக்கு என்னென்ன தெரியும், எங்கிருந்து வருகிறாள், கடைசியாக எப்போது அழுதாள் என்று எழுதுங்கள். எந்தச் சொல்லில் தம்ளரை எடுத்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்; அதே வசனத்தை வேறு கோணத்தில் எடுக்கும்போது கை மாறினால் படத்தொகுப்பாளர் திணறுவார். உடை, ஒப்பனைத் தொடர்ச்சியைக் கவனிக்க உதவியாளர் உண்டு; மனநிலையின் தொடர்ச்சிக்கு நீங்களே பொறுப்பு.

நெடுந்தொடரில் ஒத்திகை குறைவு, வசனம் மிகுதி. பாத்திரத்தின் முடிவு எழுத்தாளருக்கே தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால், கோபத்தையும் கண்ணீரையும் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், நாடகத்துக்கும் படத்துக்கும் தேதி ஒதுக்க அது இடம் தருகிறதா என்று படித்துப் பாருங்கள். சம்பளத்தைவிட இதுவே முக்கியம் என்பேன்.

வயதைக் கணக்கிட்டு அவசரப்பட வேண்டியதில்லை. பிரிட்டனின் ஓல்ட் விக் நாடகக் குழுவில் 1957-இல் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஒஃபீலியாவாக அறிமுகமான நடிகை ஜூடி டென்ச், இடையில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களிலும் நடித்து, முதல் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றபோது அறுபதைக் கடந்திருந்தார்; 1999-இல் அவ்விருதைப் பெற்றுத்தந்த படத்தில் அவர் தோன்றும் நேரம் பத்து நிமிடங்களுக்கும் குறைவு.

நீண்ட படப்பிடிப்புக்குப் பின் மேடைக்குத் திரும்பும்போது முதல் சில நாட்களை மூச்சுக்கும் குரலுக்குமே ஒதுக்குங்கள். மைக்குக்குப் பழகிய தொண்டையை எடுத்த எடுப்பில் வருத்தினால், இரண்டாம் நாள் நாடகத்துக்குக் குரலே எழாது.