ரிப்பீட்டருக்குக் காது மந்தமா? டிசென்ஸைப் பிடிக்கும் முறை

ரிப்பீட்டர் (ஒரு அதிர்வெண்ணில் வாங்கிய சிக்னலை அதே நேரத்தில் இன்னொன்றில் வலுவாக அனுப்பும் ஹாம் ரேடியோ நிலையம்) அனுப்புவது ஊர் முழுக்கக் கேட்கிறது. ஆனால் 5 வாட் ஹேண்டியில் (கையடக்க ரேடியோவில்) கூப்பிட்டால் எழுவதில்லை. அல்லது பலவீனமான சிக்னலுக்கு எழுந்து, உடனே விழுந்து, மறுபடி எழுகிறது. இந்த இரண்டாவது அறிகுறி தெரிந்தால் ரிசீவரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் சொந்த டிரான்ஸ்மிட்டரேதான் அதன் காதை அடைக்கிறது. இதற்குத்தான் டிசென்ஸ் என்று பெயர்.

2 மீட்டர் ஹாம் பேண்டில் ரிப்பீட்டரின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். டிரான்ஸ்மிட்டரின் 25 வாட் என்பது +44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ரிசீவர் பிடிக்க வேண்டியதோ −119 டிபிஎம், அதாவது சுமார் 0.25 மைக்ரோவோல்ட். நடுவே 163 டெசிபல்!

முதலில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரை நேரே ரிசீவரில் கொடுங்கள். 0.25 மைக்ரோவோல்ட்டில் 12 டெசிபல் சைனாட் (இரைச்சலோடும் திரிபோடும் ஒப்பிட்ட சிக்னலின் தெளிவு) வராவிட்டால் கோளாறு ரிசீவரிலேயே. மின்னலில் அடிபட்ட முன்நிலை டிரான்சிஸ்டரைச் சந்தேகியுங்கள். சைனாட் வந்தால், ஜெனரேட்டரை டூப்ளெக்சரின் (ஒரே ஆன்டெனாவில் டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் பிரித்து வைக்கும் ஃபில்டரின்) ஆன்டெனா முனைக்கு மாற்றுங்கள். உணர்திறன் ஒன்றிரண்டு டெசிபல் குறைவது இயல்பு. நான்கைந்து குறைந்தால் அதன் கேவிட்டிகளின் (ஒரு அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்த உலோகக் குழல் ஃபில்டர்கள்) ட்யூனிங் நகர்ந்திருக்கிறது, இல்லையேல் கனெக்டர் கெட்டிருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. பக்கவாட்டு முனையின் நடு ஊசி உள்ளே நேர்வழி ஊசியைத் தொடாதபடி வெட்டிய என்-வகை டீ (மூன்று முனைக் கனெக்டர்) ஒன்றை ரிசீவருக்கும் டூப்ளெக்சருக்கும் நடுவே போட்டு, அந்தப் பக்கவாட்டு முனை வழியே ஜெனரேட்டரை இணையுங்கள். டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோட் (அலையைப் பரப்பாமல் வெப்பமாக்கும் சுமை). டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போது 12 டெசிபல் சைனாட்டுக்கு எவ்வளவு சிக்னல் வேண்டும் என்று குறித்துக்கொண்டு, பிறகு கீ செய்து (டிரான்ஸ்மிட்டரை இயக்கி) பாருங்கள். ஒரு டெசிபலுக்குள் கூடினால் பரவாயில்லை.

அதற்கு மேல் போனால், டூப்ளெக்சரிலிருந்து வரும் கேபிளை டீயிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் டெர்மினேட்டர் வையுங்கள். அப்போதும் டிசென்ஸ் இருந்தால் அலை டூப்ளெக்சர் வழியாக வரவில்லை; பெட்டி, மின்வழங்கி ஒயர், கேபிள் ஷீல்டு வழியாகக் கசிகிறது. டிசென்ஸ் போய்விட்டால், கேபிளை மறுபடி மாட்டி, உள்ளீட்டு அதிர்வெண்ணை மட்டும் விடும் கேவிட்டி ஒன்றை ரிசீவர் பக்கம் சேருங்கள். டிசென்ஸ் குறைந்தால் டிரான்ஸ்மிட்டரின் கேரியர்தான் (முதன்மை அலைதான்) ரிசீவரை அமுக்கியது. குறையாவிட்டால் டிரான்ஸ்மிட்டரின் இரைச்சல் உள்ளீட்டு அதிர்வெண்ணிலேயே விழுகிறது. அதை ரிசீவர் பக்கத்தில் எந்த ஃபில்டராலும் வடிக்க முடியாது. கேவிட்டி டிரான்ஸ்மிட்டர் பக்கம் போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் வீணாகக் கேவிட்டி வாங்குகிறார்கள்.

டம்மி லோடில் எல்லாம் சரி, ஆன்டெனாவை மாட்டினால் மோசமா? டிரான்ஸ்மிட்டர் அணைந்தபோதே மோசமென்றால் அது அந்த இடத்தின் இரைச்சல்: எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், பக்கத்து டவர். கீ செய்தபின் மட்டும் என்றால் ஃபீட்லைனை (ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளை) பாருங்கள். அலுமினியப் படலமும் செம்புப் பின்னலும் உரசும் எல்எம்ஆர்-400 வகைக் கேபிள் டூப்ளெக்ஸ் வேலைக்கு ஆகாது. ஆர்ஜி-214, ஆர்ஜி-400 அல்லது ஹார்ட்லைன் (பின்னலுக்குப் பதில் முழு உலோக உறை கொண்ட கேபிள்) போடுங்கள், அடாப்டர்களைக் குறையுங்கள். காற்றடிக்கும்போது கரகரத்தால் ஃபைபர்கிளாஸ் ஆன்டெனாவுக்குள் சால்டர் விட்டிருக்கலாம்.

ப்ரீஆம்ப் (ரிசீவருக்கு முன்னால் வைக்கும் பெருக்கி) இதெல்லாம் தீர்ந்த பிறகுதான். டிசென்ஸ் இருக்கும்போது அதைச் சேர்த்தால் கேரியரும் இரைச்சலும் கூடவே பெருகும்.