பழைய பிக்கப்பின் மாடல் ஆண்டு: எங்கே தவறு நடக்கிறது?

பழைய பிக்கப் ஒன்றைப் பார்க்கப் போனால் முதல் கேள்வி, "எந்த வருஷத்து வண்டி?" விற்பவர் ஒரு வருஷம் சொல்வார். வண்டியின் பதிவுப் பத்திரத்திலும் அதே வருஷம் இருக்கும். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் வேலையே அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

பிக்கப் என்பது பாரம் சுமந்து அடிபட்ட வண்டி. கதவு நசுங்கினால் கையில் கிடைத்த வேறொரு கதவு ஏறியிருக்கும். எஞ்சின் போனால், பொருந்துகிற இன்னொரு எஞ்சின் இறங்கியிருக்கும். அறுபது எழுபது வருஷம் இப்படி ஓடிய வண்டிக்கு ஒரே வயது இருக்கும் என்று நினைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். கேபினுக்கு ஒரு வயது, ஃப்ரேமுக்கு ஒரு வயது, எஞ்சினுக்கு ஒரு வயது என்று தனித்தனியாகக் கணக்கெடுத்து, கடைசியில் அவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இங்கே உதாரணங்களுக்கு அமெரிக்க செவர்லே, ஃபோர்டு வண்டிகளையே எடுத்துக்கொள்கிறேன். அதிகம் கைமாறுவதும் அதிகம் குழப்புவதும் அவைதான்.

பத்திரத்தை அப்படியே நம்புவது

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சில மாநிலங்கள் வண்டி விற்பனையான வருஷத்தையே பத்திரத்தில் எழுதின. கடையில் விற்காமல் நின்று அடுத்த வருஷம் போன வண்டிக்கு ஒரு வயது குறைந்துவிடும். இது போதாதென்று, சில மாநிலங்கள் சேஸிஸ் எண்ணுக்குப் பதிலாக எஞ்சின் எண்ணைப் பதிவு செய்தன. எஞ்சின் மாறியிருந்தால் பத்திரத்து எண் வண்டியில் எங்கேயும் இருக்காது. எனவே எண் ஒத்துப்போகவில்லை என்றதும் திருட்டு வண்டி என்று முடிவுகட்ட வேண்டாம். ஒத்துப்போகிறது என்பதால் வருஷம் சரி என்றும் நினைக்க வேண்டாம்.

மாடல் ஆண்டும் காலண்டர் ஆண்டும் வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். புது மாடல் வழக்கமாக முந்தைய வருஷத்து இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். சில சமயம் வருஷத்தின் நடுவிலும் மாறும். 1955 செவர்லேதான் இதில் பெரிய கண்ணி. அந்த வருஷத் தொடக்கத்தில் பழைய வடிவ வண்டிகள் 'முதல் சீரிஸ்' என்று வந்தன. மார்ச்சில் முற்றிலும் புதிய வடிவம் 'இரண்டாம் சீரிஸ்' என்று வந்தது. முதலாவதில் 6 வோல்ட் மின்சாரம், இரண்டாவதில் 12 வோல்ட். "55 செவர்லேக்கு வேண்டும்" என்று மட்டும் சொல்லி உதிரிபாகம் வரவழைத்தால் பாதி வாய்ப்பு தவறான பெட்டி வருவதற்குத்தான்.

முகத்தைப் பார்த்து வருஷம் சொல்வது

கிரில், பானெட், முன் ஃபெண்டர் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். ஆகவே எளிதில் கழலாத இடத்தைப் பாருங்கள். 1947 கோடையில் வந்த செவர்லே வரிசையை எடுத்துக்கொண்டால், 1953 வரை முன் கண்ணாடி இரண்டு துண்டு. 1954-இல் வளைந்த ஒரே கண்ணாடி, கூடவே புது கிரில். கேபினில் இரண்டு துண்டுக் கண்ணாடியும் முன்னால் 1954 கிரிலும் இருந்தால் நம்ப வேண்டியது கேபினை. 1949-இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் போனது. 1951-இல் கதவில் சிறிய முக்கோணக் காற்றுக் கண்ணாடி வந்தது. ஆனால் கதவும் கழலும் பொருள்தான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

1956 ஃபோர்டு எஃப்-100 இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. பக்கவாட்டில் வளைந்து திரும்பும் முன் கண்ணாடியும் செங்குத்தான கண்ணாடித் தூணும் அந்த உடல் வடிவத்தில் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டுமே. கேபினை வெட்டாமல் இதைப் போலியாகச் செய்ய முடியாது.

1967 முதல் 1972 வரையிலான செவர்லேக்களில் சின்னச் சின்ன விஷயங்கள் உதவும். 1967 ஃபெண்டரில் பக்கவாட்டு விளக்கு கிடையாது, 1968-இல் வந்தது. 1971-ஐயும் 1972-ஐயும் பிரிக்க உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியைப் பாருங்கள்: 1972-இல் அது முன் கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டது, அதற்கு முன் கூரையில் திருகப்பட்டிருந்தது.

எண்ணைத் தவறாக வாசிப்பது

17 இலக்க வண்டி அடையாள எண்ணும் (VIN) அதில் பத்தாவது இடத்தில் வருஷம் என்ற விதியும் 1981 மாடலில்தான் வந்தன. அதற்கு முந்தைய வண்டியின் எண்ணை இணையத்து டிகோடரில் போட்டு, பதில் வரவில்லை என்று கவலைப்படுபவர்கள் நிறையப் பேர். அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முறை. 1950 அரை டன் செவர்லேயில் HP என்ற எழுத்துகள் வருஷத்தையும் வரிசையையும் சொல்லும், 1951-க்கு JP. முன்னால் நிற்கும் எண் தொழிற்சாலை, பின்னால் வரும் எழுத்து மாதம். 1970 செவர்லேயில் CE140 என்று தொடங்கினால் ஐந்தாவது இடத்துப் பூஜ்யம்தான் வருஷம்.

ஃபோர்டில் 1960 வரை எண்ணுக்குள் வருஷ இலக்கம் உண்டு. 1961 முதல் 1980 வரை பிக்கப் எண்ணில் வருஷத்துக்கென்று தனி இடமே இல்லை, வரிசை எண் எந்த வரம்பில் விழுகிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே ஏதோ ஒரு இலக்கத்தை வருஷம் என்று பிடித்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எண் பொறித்த அடையாளத் தகட்டை மட்டும் பார்க்காமல், வலது பக்க ஃப்ரேமின் மேல்புறம், முன்பகுதியில் அடித்திருக்கும் எண்ணையும் தேடுங்கள். துருவில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும்.

வார்ப்பு எண்ணைத் தேதி என்று நினைப்பது

வார்ப்பு எண் என்பது இரும்புப் பாகத்தை வார்க்கும்போதே அதில் பதிந்துவிடும் பாக எண். இதில் அனுபவசாலிகளும் வழுக்குகிறார்கள். ஃபோர்டு பாகத்தில் C8TE என்று இருந்தால் C என்பது அறுபதுகள், 8 என்பது 1968, T என்பது டிரக். ஆனால் அது அந்தப் பாகம் வடிவமைக்கப்பட்ட வருஷம். அதே வடிவம் பல வருஷம் தொடர்ந்து வார்க்கப்பட்டிருக்கலாம், அதனால் C8 என்று எழுதிய பாகம் 1971 வண்டியில் ஒரிஜினலாகவே இருக்கலாம். உண்மையான வார்ப்புத் தேதி தனியாக இருக்கும்: 7C12 என்றால் ஏழில் முடியும் வருஷம், மார்ச் 12. செவர்லேயில் வரிசை மாறும். C 12 8 என்றால் மார்ச் 12, எட்டில் முடியும் வருஷம். அந்த எட்டு 1958-ஆ 1968-ஆ என்று தேதி சொல்லாது, வார்ப்பு எண்தான் சொல்லும். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். செவர்லே ஸ்மால் பிளாக் வி8-இல் எஞ்சினின் பின் விளிம்பில், ஓட்டுநர் பக்கம் வார்ப்பு எண், மறுபக்கம் பெரும்பாலும் தேதி. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலோடு தெரியும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. பாகத்தின் தேதி, தொழிற்சாலையில் வண்டி ஒன்றுசேர்க்கப்பட்ட தேதிக்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அது பிற்பாடு வந்தது, அதில் விவாதமே இல்லை. பல வருஷம் முந்தியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

'ஒரிஜினல்' என்ற சொல்லில் ஏமாறுவது

அந்த வண்டியோடு பிறந்த பாகம், அதே கம்பெனி பிற்பாடு விற்ற மாற்றுப் பாகம், அந்தக் காலத்துக்குப் பொருந்தும் வேறு வண்டிப் பாகம், இன்று புதிதாகச் செய்யும் நகல் என நான்கையும் ஒரே சொல்லால் அழைத்து விற்கிறார்கள். 1951 அரை டன் செவர்லேயில் பிறந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். அதில் இன்று 235 இருந்தால் நல்ல மாற்றம், ஓட்டுவதற்கு எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் ஒரிஜினல் என்று அதற்கு விலை கொடுக்கக் கூடாது.

திருகுகளைக் கவனியுங்கள். அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் நடுவே இடுங்கிய எட்டு வடிவக் குழி கொண்ட கிளட்ச்-ஹெட் திருகுகள் இருக்கும். அந்த இடத்தில் நட்சத்திரத் திருகுகள் பளபளத்தால் யாரோ அங்கே கை வைத்திருக்கிறார்கள். பின்பெட்டியில் வார்னிஷ் மின்னும் மரப்பலகை அழகுதான், ஆனால் அது பெரும்பாலும் புதுப்பித்தவரின் ரசனை.

இதனால்தான், வண்டி வீட்டுக்கு வந்த கையோடு உரசிச் சுத்தம் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். சீட்டுக்கு அடியிலும் டாஷ்போர்டு பெட்டி மூடியின் பின்புறத்திலும் முதல் வண்ணம் ஒளிந்திருக்கும். மணல் வீச்சில் போனால் அது போனதுதான். முதலில் படம் எடுங்கள், எண்களை எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தை, உடைந்திருந்தாலும், பெயரெழுதிய அட்டை கட்டி எடுத்து வையுங்கள்.

கடைசியாக அடையாளத் தகடு. நகல் தகடுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. தகட்டில் கடைச்சரக்கு பாப் ரிவெட் இருந்தாலோ, ஓட்டை இழுபட்டிருந்தாலோ, தகடு புதிதாகவும் சுற்றியுள்ள இரும்பு பழையதாகவும் இருந்தாலோ, காசு கொடுப்பதற்கு முன் ஃப்ரேம் எண்ணோடு ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் இந்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும், மாநில அதிகாரிகளின் சோதனை முடியும்வரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.