டொபாகோவுக்குச் சிநேகிதரோடு சிக்கனமாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

எட்டுப் பேர் முடிவெடுத்தோம். ஏழு பேர்தான் விமானம் ஏறினோம். அந்த எட்டாவது ஆளின் வீட்டு வாடகைப் பங்கு மற்ற ஏழு பேர் தலையில் விழுந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து டொபாகோவின் ஸ்காபரோவுக்கு நாங்கள் போன பயணம் இப்படித்தான் தொடங்கியது. ஆமாம், அந்தத் தீவின் தலைநகருக்கும் அதே பெயர்தான்.

ட்ரினிடாட்டுக்கு வடகிழக்கே கிடக்கும் டொபாகோ, கரீபியன் கணக்கில் சிக்கனமான தீவு. பெரிய ஹொட்டேல்கள் குறைவு. சமையலறையோடு கூடிய வாடகை வீடுகள் நிறைய. கடற்கரைகளில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அப்படியும் பலர் நினைத்ததைவிட அதிகம் செலவழித்துவிட்டு வருகிறார்கள். என் அனுபவத்தில் காசு தீவில் போவதில்லை. புறப்படுவதற்கு முன் ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விகளில்தான் போகிறது.

"வாறன் மச்சான்" என்ற சொல்லை நம்பி வீடு எடுப்பது

வாரத்துக்கு 1,600 அமெரிக்க டொலர் வாடகையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 200. இரண்டு பேர் விலகினால் ஆளுக்கு 267 ஆகிவிடும். விலகுகிறவர் கெட்டவர் இல்லை. வேலையில் லீவு கிடைக்கவில்லை, வீட்டில் ஒரு கலியாணம் வந்துவிட்டது, ஏதோ ஒன்று நடக்கும். அதனால்தான் முன்பணம் கட்டாதவரை வருகிறவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு திகதி குறித்து, அன்றைக்குக் காசு போட்டவர்களை மட்டும் எண்ணி வீடு பாருங்கள். பிறகு விலகுகிறவர் தன் இடத்துக்கு இன்னொருவரைத் தந்தால் காசு திரும்பும், இல்லையென்றால் திரும்பாது. இதை முதல் நாளே எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை. நாங்கள் சொல்லாமல் விட்டோம். அந்த எட்டாவது சிநேகிதனோடு பழையபடி கதைக்க எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது. அது எனக்கு இப்போதும் கவலைதான்.

விலையைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ட்ரினிடாட்-டொபாகோவில் பெறுமதி சேர் வரி 12.5 வீதம். ஹொட்டேல்களும் சில உணவகங்களும் சேவைக் கட்டணமாக 10 வீதம் சேர்ப்பதுண்டு. இரண்டும் சேர்ந்தால் 100 டொலர் என்று பார்த்தது 122 டொலரைத் தாண்டும். "இதுதானா முழு விலை?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

பொதுக் காசு விஷயம் அதைவிட முக்கியம். எல்லாச் செலவையும் ஏழாக வகுப்பது நியாயமாகத் தெரியும், ஆனால் நியாயம் இல்லை. எங்களில் இரண்டு பேர் குடிப்பதில்லை. முதல் இரண்டு நாளும் ரம் போத்தல்களும் பொதுக் கணக்கில் போயின. மூன்றாம் நாள் இரவு, அவர்களில் ஒருத்தி கொப்பியைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல், குடி என்று எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள். ஏழு கோடுகள். எல்லோருக்கும் விளங்கியது. அன்றிரவே கணக்கை இரண்டாகப் பிரித்தோம்: வீடு, கார், பெற்றோல், தண்ணீர், அரிசி, மீன், படகு எல்லாம் பொது. குடி, டைவிங், வீட்டுக்கு வாங்கும் சாமான் எல்லாம் அவரவர் பாடு. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இதை ரொறன்ரோவிலேயே செய்திருக்க வேண்டும்.

போர்ட் ஒஃப் ஸ்பெயினோடு பயணம் முடிந்தது என்று நினைப்பது

மலிவான டிக்கெட் அனேகமாக ட்ரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஒஃப் ஸ்பெயினுக்குரிய பியார்கோ விமான நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து டொபாகோவுக்கு உள்ளூர் விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இரவில் தாமதமாக வந்து இறங்கினால் கடைசி விமானத்தைத் தவறவிடலாம். அன்றிரவு ஏழு பேருக்கு அறை, போக வர டாக்ஸி, சாப்பாடு என்று, டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். கொஞ்சம் விலை கூடினாலும் பகலில் வந்து சேரும் விமானத்தை எடுப்பதுதான் சிக்கனம்.

கப்பல் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது புறப்படும் துறை போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரில் இருக்கிறது, பியார்கோவோ நகருக்குக் கிழக்கே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது. கப்பல் பயணம் மூன்றரை, நான்கு மணி நேரம் எடுக்கும். போக்காஸ் என்ற நீரிணைகளைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் ஆட்டம் தொடங்கும். வாந்தி வருகிற ஆட்கள் ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட வேண்டும், ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ட்ரினிடாட்டில் இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்குக் கப்பல் நல்ல வழி. விமானத்திலிருந்து இறங்கிய கையோடு ஏழு பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இல்லை.

திகதி விஷயத்திலும் உள்ளூர் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். ட்ரினிடாட்டின் கார்னிவல், சாம்பல் புதனுக்கு முந்திய திங்களும் செவ்வாயும் நடக்கும். "கார்னிவல் முடிந்துவிட்டது, இனி விலை இறங்கும்" என்று டொபாகோவுக்கு அந்த வாரக் கடைசியில் பதிவு செய்கிறவர்கள் உண்டு. ஆடிக் களைத்த ட்ரினிடாட் மக்கள் ஓய்வெடுக்க வருவதும் அப்போது அதே டொபாகோவுக்குத்தான். ஈஸ்டரும் அப்படியே. பக்கூ கிராமத்தில் ஈஸ்டர் செவ்வாயன்று நடக்கும் ஆட்டுப் பந்தயத்துக்குத் தீவே நிறைந்துவிடும். பந்தயம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, இடம் கிடைக்க மாதக்கணக்கில் முன்னதாகப் பாருங்கள்.

ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம், ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். நாங்கள் ஈஸ்டர் கூட்டம் கலைந்த பிறகு மே மாதம் போனோம், அதில் ஒரு குறையும் இல்லை. செப்டம்பர் நடுவில் மழை கொஞ்சம் ஓய்ந்து ஒரு குட்டி வெயில் காலம் வரும். "பெட்டி கரேம்" என்பார்கள். மற்றத் தீவுகளுக்கு அது சூறாவளி உச்சமாகும் மாதம். டொபாகோ வழக்கமான பாதைக்குத் தெற்கே இருப்பதால் பெரும்பாலும் தப்பும். பெரும்பாலும்தான்! 1963இல் ஃப்ளோரா சூறாவளி இந்தத் தீவைத் தாக்கிப் போட்டது. அந்த மாதங்களில் போனால், பதிவை மாற்ற முடியுமா என்று பார்த்து வாங்குங்கள், காப்புறுதியும் எடுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒரு சிநேகிதர் வந்து சேர்கிறார் என்றால் இரண்டு விஷயம். மயாமி, நியூயோர்க் வழியாக விமானம் மாறினாலே அமெரிக்க விசா வேண்டும். வெளியே போகாமல் அடுத்த விமானம் ஏறுகிறவருக்கும் அதே சட்டம்தான். டிக்கெட் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம். இரண்டாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த நோய் அபாயம் உள்ள இடங்களின் பட்டியலில் ட்ரினிடாட் இருக்கிறது. அங்கிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இலங்கைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், எனவே கடைசி வாரத்தில் ஓடக் கூடாது.

சின்னத் தீவுதானே, கார் எதற்கு?

டொபாகோ நீளம் 41 கிலோமீட்டர், அகலம் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். வரைபடத்தில் பார்த்தால் சைக்கிளிலேயே சுற்றலாம் போலிருக்கும். விமான நிலையம் இருக்கும் க்ரௌன் பொயின்ற்றிலிருந்து மறுமுனையில் உள்ள ஷார்லட்வில்லுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். நடுவே மலைமுதுகு, அதன் மேல் 1776ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தால் காக்கப்படும் காடு. வீதி ஒடுக்கம், வளைவுக்கு மேல் வளைவு.

பகிர்வு டாக்ஸிகள் மலிவு. இலக்கத் தகட்டில் H என்ற எழுத்தில் தொடங்கினால் அது முறையான டாக்ஸி. R என்றால் வாடகைக் கார், P என்றால் தனியார் கார். ஆனால் தூர ஊருக்குப் போக ஸ்காபரோவில் இறங்கி மாற வேண்டியிருக்கும், இருட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி அருமை. ஆகவே கார் இல்லாமல் போகிறவர் க்ரௌன் பொயின்ற் பக்கமே தங்க வேண்டும். "கடல் தெரியும் வீடு, பாதி விலை" என்று மலை உச்சியில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாணுக்கும் ஒவ்வொரு போத்தல் தண்ணீருக்கும் டாக்ஸி பிடித்தால் அந்தப் பாதி விலை எங்கே போகும்?

ஏழு பேர் என்றால் ஒரு பெரிய வாகனத்தை மூன்று நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும். அந்த மூன்று நாளிலும் தூர இடங்களை முடித்துவிட்டு, மற்ற நாட்களில் பக்கத்துக் கடற்கரையில் கிடக்கலாம். கனேடிய அனுமதிப்பத்திரத்தோடு 90 நாள் வரை ஓட்டலாம். அங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், ஊரில் ஓட்டிப் பழகியவர் கையில் சாவியைக் கொடுங்கள். காரை வாங்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள். எங்கள் காரில் முன்பே இருந்த ஒரு கீறலுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது காசு கேட்டார்கள், வீடியோதான் காப்பாற்றியது.

மூன்று வேளையும் வெளியே சாப்பிடுவது

சமையலறை உள்ள வீட்டை எடுத்துவிட்டுச் சமைக்காமல் இருப்பது பெரிய வீண். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் வீட்டில், பகலில் மட்டும் வெளியே என்று வைத்தால் செலவு கட்டுக்குள் நிற்கும். ரொறன்ரோவிலிருந்து நாங்கள் மிளகாய்த்தூள் மட்டும் கொண்டுபோனோம். மீன் அங்கே.

காஸ்டாரா என்ற ஊரில் விடிய ஒரு நாள் நின்றோம். பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கரைவலைதான்! குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே தாளத்தில் இழுக்கும் அதே வேலை. முல்லைத்தீவுப் பக்கத்தவனான எங்கள் ஆள் ஒருவன் யாரையும் கேட்காமல் போய்க் கயிற்றைப் பிடித்தான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வலையின் மடி கரைக்கு வந்ததும் மீன் துள்ளுகிற சத்தம், மழை பெய்கிற மாதிரி. அன்றைக்கு வாங்கிய மீனில் இரண்டு வேளை குழம்பு வைத்தோம். அதே ஊரில் மண் அடுப்பில் பாண் சுடும் பெண்களும் இருக்கிறார்கள். சூடாக வாங்கினால் தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை.

வெளியே சாப்பிடுவதானால் ஸ்டோர் பே கடற்கரையில் வரிசையாக இருக்கும் பெண்களின் கடைகளுக்குப் போங்கள். நண்டுக் கறியும், அவித்த கோதுமை மாத் துண்டுகளும். கையால் உடைத்து உறிஞ்சிச் சாப்பிட வெட்கப்படாதவர்களுக்கான சாப்பாடு. காலையில் "டபிள்ஸ்" கிடைக்கும். இரண்டு மெல்லிய பாரா ரொட்டிக்கு நடுவே கடலைக் கறி. வட இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள் உருவாக்கிய உணவு அது. "நாங்கள் யாழ்ப்பாணத்தார், எங்களுக்கு என்ன உறைப்பு" என்று முதல் தடவையே முழுக் காரம் கேட்காதீர்கள். "ஸ்லைட்" என்றால் கொஞ்சமாக வைப்பார்கள், அதில் தொடங்குங்கள்.

வெயிலும் கடலும்

டொபாகோ இருக்கும் அகலாங்கு யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் நடுவில் உள்ளது. அதனால் நமக்குப் பழகின வெயில்தானே என்று தோன்றும். கடலில் முகம் குப்புறக் கிடந்து பவளப் பாறை பார்க்கும்போது, முதுகு ஒரு மணி நேரம் அசையாமல் வெயிலில் கிடக்கிறது. பழுப்புத் தோலும் எரியும். எங்களில் இரண்டு பேர் மறுநாள் சட்டை போட முடியாமல் இருந்தார்கள். பழைய கைநீளச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கினால் வெயிலுக்குப் பூசும் களிம்புக் காசும் மிச்சம், பவளத்துக்கும் நல்லது.

பக்கூ பவளப் பாறைக்குக் கண்ணாடி அடித்தளப் படகுகள் ஸ்டோர் பேயிலிருந்தும் பிஜன் பொயின்ற்றிலிருந்தும் போகும். ஏழு பேர் ஒன்றாகப் போகிறோம் என்று சொல்லி விலை கேளுங்கள், குறைப்பார்கள். முன்பெல்லாம் உல்லாசப் பயணிகளைப் பாறை மேல் நடக்க விட்டதில் நிறையப் பவளம் செத்துப்போனது. அது 1973இலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. நிற்க ஆசையென்றால் படகு அடுத்துப் போகும் நைலோன் பூலில் நில்லுங்கள். கரையிலிருந்து தொலைவில், நடுக்கடலில், இடுப்பளவு தண்ணீர், வெள்ளை மணல்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தோல்முதுகு ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். கைபேசி வெளிச்சம் அடித்தால் சில முட்டையிடாமலே திரும்பிவிடும். உள்ளூர் வழிகாட்டியோடு, அவர் சொல்கிற தூரத்தில் நில்லுங்கள். இதற்குக் கொடுக்கிற காசில் பேரம் பேசாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

கரையில் சின்னப் பச்சை அப்பிள் போல் காய்க்கும் மஞ்சினீல் மரத்தைக் கண்டால் விலகுங்கள். காய் நஞ்சு, பால் பட்டால் தோல் பொங்கும், மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினாலும் அதே கதி.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஆமிக்காரர் உடை போன்ற புள்ளித் துணி அந்த நாட்டில் சட்டவிரோதம். தொப்பியோ காற்சட்டையோ பையோ, எதிலும் வேண்டாம். பிறகு, யாரிடமும் எதையும் கேட்பதற்கு முன் "குட் மோர்னிங்" சொல்லுங்கள். இரவில் சந்தித்தவுடனே "குட் நைற்" என்பார்கள், அது விடைபெறுவது அல்ல, வணக்கம். அந்த ஒரு சொல் இல்லாமல் "எவ்வளவு?" என்று தொடங்கினால் முகம் இறுகிவிடும்.

கடைசி நாள் கையில் உள்ளூர் டொலர் கட்டாக இருந்தால் சிரமம். அந்த நாட்டில் அமெரிக்க டொலருக்குத் தட்டுப்பாடு, திருப்பி மாற்றுவது கடினம், வெளிநாட்டில் அதை வாங்குவார் அரிது. ஆகவே இரண்டு நாளைக்கு ஒரு தடவை தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். மிஞ்சினால், விமான நிலையத்திலிருந்து ஸ்டோர் பே நடக்கிற தூரம்தான். நாங்கள் பொதுக் காசில் மிஞ்சியதை எண்ணி, பெட்டிகளோடு போய், ஏழு பேருக்கும் நண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினோம்.