டின்னர் ரோலுக்கு ப்ரெட் மெஷின்ல மாவு மட்டும் பிசைஞ்சா போதும்

ப்ரெட் மெஷின் வாங்கி நாலு லோஃப் சுட்டுட்டு பரண்ல ஏத்திட்டீங்கன்னா தயவுசெஞ்சு அதை இறக்குங்க. அந்த மெஷின் சுடுறதை விட பிசையுறதுல தான் கெட்டி, ஈஸ்ட் மாவை 20 நிமிஷம் கையால அடிச்சுப் பிசைஞ்சவங்களுக்கு அந்த அருமை தெரியும். ஜப்பான்ல 1987ல நேஷனல் பிராண்ட்ல (இன்னைக்கு பானாசோனிக்) வந்த இந்த மெஷினை உருவாக்குனப்ப கஷ்டமா இருந்ததே பிசையுற விஷயம் தான், அந்தக் கம்பெனியில வேலை பார்த்த இகுகோ தனாகான்னு ஒரு அம்மா ஒசாகாவுல ஒரு ஹோட்டல் பேக்கர்கிட்ட போய் பழகி, அவர் மாவை முறுக்கி இழுக்குறதைக் கவனிச்சு வந்து சொன்னதுல இருந்து தான் வழி பிறந்துச்சு. அதனால பிசையுறது, முதல் தடவை உப்புறது ரெண்டையும் மெஷின்கிட்ட விட்டுடுவோம், உருட்டுறது நம்ம கை, சுடுறது ஓவன்.

15 ரோலுக்கு (சின்னதா, மெத்துன்னு இருக்குற பன்) மைதா 400 கிராம், பால் 240 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 45 கிராம், சர்க்கரை 35 கிராம், உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம் (ரெண்டு டீஸ்பூன்). இந்தப் பால் அளவு ப்ரெட் ஃப்ளோருக்கு (ப்ரெட்டுக்குன்னே விக்கிற மாவு) சரியா இருக்கும், நம்ம கடை மைதா அவ்வளவு இழுக்காது, 210 மில்லில ஆரம்பிச்சு தேவைப்பட்டா சேருங்க. மாவை தராசுல தான் எடைபோடணும், கப்ல அமுக்கி அள்ளுனா ஒரு கப்புக்கே 20, 30 கிராம் கூடிடும், எனக்கு முதல் தடவை ரோல் கல்லு மாதிரி வந்ததுக்கு அது தான் காரணம்.

பெரும்பாலான மெஷின்ல முதல்ல பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை, உப்பு, அதுக்கு மேல மாவு, மாவுல ஒரு குழி பண்ணி கடைசியா ஈஸ்ட். சில மெஷின்ல ஈஸ்ட் தான் முதல்ல போகணும், உங்க மேனுவல் சொல்ற வரிசையப் பாத்துக்கோங்க. பால் விரல் வச்சா இதமா இருந்தா போதும், கொதிக்கிற பால் ஊத்துனா ஈஸ்ட் செத்துடும், ஏப்ரல் மே வெயில்ல நான் ஃப்ரிட்ஜ் பாலையே ஊத்துறேன் ஏன்னா பிசையுற சூட்டுலயே மாவு சூடாயிடும். பால் முட்டை போட்டுட்டு ராத்திரி டைமர் வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், கெட்டுப்போகும்.

டோ மோட் (பிசைஞ்சு உப்ப வைக்கிறதோட நின்னுடுற, சுடாத செட்டிங்) போட்டு அப்படியே போயிடாதீங்க. ஏழெட்டு நிமிஷத்துல மூடியத் திறந்து பாருங்க, இது தான் முக்கியமான இடம். மாவு ஓரத்தை விட்டு ஒரே பந்தா சுத்தணும், தொட்டா விரல்ல லேசா ஒட்டி விட்டுடணும், சப்பாத்தி மாவை விட நல்லா இளக்கம், கிட்டத்தட்ட பரோட்டா மாவு பதம். அடியில கூழா ஒட்டுனா ஒரு ஸ்பூன் மாவு, தடதடன்னு முட்டிக்கிட்டு சுத்துனா ஒரு ஸ்பூன் பால், ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன் தான், போட்டுட்டு ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பாருங்க. சந்தேகமா இருந்தா இளக்கமாவே விடுங்க, இளகின மாவுல தான் பஞ்சு மாதிரி ரோல் வரும்.

மெஷின் நின்னதும் மாவை எடுத்து, உள்ள மெஷினோட பிசையுற பிளேடு மாட்டியிருக்கான்னு பாத்து உருவிட்டு, லேசா அமுக்கி 15 துண்டு போடுங்க, ஒண்ணு சுமார் 52 கிராம் வரும். ஒவ்வொண்ணையும் ஓரத்தை எல்லாம் அடியில இழுத்து கிள்ளி, உள்ளங்கைய குடை மாதிரி மூடி மேடையிலயே உருட்டுங்க, மேல தோல் இறுகணும். மேடையில மாவு தூவாதீங்க, வழுக்கிட்டே போகும், உருளாது. 9க்கு 13 இன்ச் ட்ரேல வெண்ணெய் தடவி அஞ்சு வரிசை மூணு மூணா விரல் இடைவெளி விட்டு அடுக்கி ஈரத்துணி போட்டு மூடுங்க. 30ல இருந்து 50 நிமிஷம் ஆகலாம், மழைக்காலத்துல இன்னும் கூட. கடிகாரத்தை நம்ப வேண்டாம், விரலால லேசா அழுத்துங்க, குழி மெதுவா பாதி எழும்பி வந்தா ரெடி, டக்குனு எழும்புனா இன்னும் விடணும், எழும்பவே இல்லன்னா ரொம்ப உப்பிடுச்சு, உடனே ஓவனுக்கு அனுப்புங்க.

முன்னாடியே சூடு பண்ண ஓவன்ல 190 டிகிரி, 15ல இருந்து 18 நிமிஷம். சின்ன ஓடிஜில மேல் ராடு பக்கத்துலயே இருக்கும், சீக்கிரம் கருத்துடும், பத்து நிமிஷத்துல நிறம் வந்துட்டா மேல ஃபாயில் மூடிடுங்க. தெர்மாமீட்டர் இருந்தா நடு ரோல் உள்ள 88 டிகிரி காட்டணும். எடுத்த சூட்டோட வெண்ணெய் தடவுங்க, அப்ப தான் மேல்தோல் மெத்துன்னு ஆகும்.

மிஞ்சுனா ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, அங்க தான் சீக்கிரம் விறைக்கும். நல்லா ஆறவிட்டு கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போடுங்க, வேணும்னப்ப ஃபாயில்ல சுத்தி 150 டிகிரில பத்துப் பன்னெண்டு நிமிஷம் வச்சா அன்னைக்கு சுட்ட மாதிரியே இருக்கும்.