மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் வரும் கடும் அசதியை எப்படிக் கையாள்வது

நாற்பதைக் கடந்த பெண்களில் பலர் ஒரே விதமான அசதியைப் பற்றிச் சொல்கிறார்கள். இரவு முழுவதும் படுத்திருந்தாலும் காலையில் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. சமையலை முடித்து நிமிர்வதற்குள் கைகால் ஓய்ந்துவிடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்துபோகிறது. உழைப்பால் வரும் களைப்பு ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடும். இது ஓய்வெடுத்தும் தீர்வதில்லை. "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று வீட்டிலும், சில சமயம் மருத்துவமனையிலும் சொல்லிவிடுவதால், குணப்படுத்தக்கூடிய ஒரு குறையைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். வயதின் மீதும் ஹார்மோன் மீதும் பழியைப் போடுவதற்கு முன்னால் முதலில் இரத்தத்தையும், அடுத்துத் தூக்கத்தையும், அதன் பிறகு வேலைப் பளுவையும் இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பருவத்தில் உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது முழுமையாக நின்றுவிட்டதாக, அதாவது மெனோபாஸ் வந்துவிட்டதாக, மருத்துவர்கள் கொள்கிறார்கள். மேலை நாடுகளில் அது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் பெரிமெனோபாஸ் எனப்படும் மாறுதல் காலம். இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை; ஒரு மாதம் எகிறி, மறு மாதம் சரிகிறது. கருமுட்டை வெளிவராத மாதங்கள் கூடுவதால் புரோஜெஸ்டிரான் அதற்கு முன்பே குறையத் தொடங்குகிறது. புரோஜெஸ்டிரான் குறையும்போது கர்ப்பப்பையின் உள்படலம் கட்டுப்பாடின்றித் தடித்து, மாதவிடாயின்போது அளவுக்கு மீறிய இரத்தப்போக்காக வெளியேறுகிறது. மூளையை அமைதிப்படுத்தித் தூங்க வைப்பதில் அதே ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்பதால் தூக்கமும் கெடுகிறது. ஆக, அசதி பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான் வருகிறது.

இரத்தப்போக்கைக் கவனித்தல்

நாட்காட்டியிலோ சிறு குறிப்பேட்டிலோ மாதவிடாய் தொடங்கிய நாள், நின்ற நாள், ஒரு நாளில் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை, கட்டி கட்டியாகப் போனதா என்ற விவரம், அன்றைய அசதியின் அளவு ஆகியவற்றை இரண்டு மூன்று சுழற்சிகளுக்குக் குறித்து வாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்துவிடுவது, நடு இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, இரண்டரை சென்டிமீட்டருக்கும் பெரிய கட்டிகள் வெளியேறுவது, ஏழு நாட்களுக்கு மேல் நீடிப்பது ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அதிகப்படியான இரத்தப்போக்குதான். "கெட்ட ரத்தம் போனால் நல்லது" என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. வெளியேறுவது கெட்ட இரத்தம் அன்று. உடல் சேமித்து வைத்திருந்த இரும்புச்சத்தே அதோடு சேர்ந்து போகிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. அதாவது, நம்மில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே குறைவான இருப்போடுதான் இந்த மாறுதல் காலத்துக்குள் நுழைகிறோம். எனவே முதலில் செய்ய வேண்டியது ஹீமோகுளோபின் பரிசோதனை. இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஆனால் அது 12-ஐத் தாண்டியிருக்கிறது என்பதற்காக நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் சேமிப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அசதியோ அதற்கு முன்பே வந்துவிடலாம். ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டதாகப் பொருள். 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் சிகிச்சை தொடங்குகிறார்கள். முடி கொட்டுவது, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, பச்சரிசியையோ ஐஸ் கட்டியையோ மெல்ல வேண்டும் என்ற ஆசை ஆகியவையும் இந்தக் குறையின் அடையாளங்களாக இருக்கலாம்.

உணவைப் பொறுத்தவரை, இரத்தம் ஊறும் என்று சொல்லி வாங்கித் தரப்படும் பீட்ரூட்டிலும் மாதுளையிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவுகூட இரும்புச்சத்து இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 29 மில்லிகிராம். கம்பு, கொள்ளு, கொண்டைக்கடலை, கீரை வகைகள் ஆகியவை பீட்ரூட்டையும் மாதுளையையும்விடப் பல மடங்கு பயனுள்ளவை. அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் எளிதில் உடலில் சேரும் இரும்பைத் தருகின்றன. தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் அவ்வளவு எளிதாக உறிஞ்சுவதில்லை. அதனால் எலுமிச்சை பிழிந்த சுண்டல், கீரையோடு ஒரு நெல்லிக்காய், சாப்பாட்டுக்குப் பின் கொய்யா என்று வைட்டமின் சி-யைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பை அப்படியே சமைப்பதைவிடப் புளிக்க வைத்துக் கூழாகக் காய்ச்சும்போது இரும்பைத் தடுக்கும் பொருட்கள் குறைகின்றன. டிபனோடு காபி குடிக்கும் வழக்கம்தான் இங்கே பெரிய தடை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்று மேற்சொன்ன மன்றம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது.

எனினும், சேமிப்பு தீர்ந்த பிறகு உணவால் மட்டும் அதை நிரப்ப முடியாது, மாத்திரை தேவைப்படும். இரும்புச்சத்து மாத்திரையைப் பால், டீ, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் பலர். அது மாத்திரையால் வருவதுதான். வயிற்றுப் புரட்டலோ மலச்சிக்கலோ தாங்க முடியாமல் இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த முறையிலும் இரும்பு நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காக மூன்று மாதங்களாவது தொடர வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் குறைபாடு மிகுதியாக உள்ளவர்களுக்கும் இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இரும்பு மருந்து உண்டு.

இரத்தப்போக்கை நிறுத்தாமல் இரும்பை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான். ஆகவே மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்து, தசைக்கட்டியோ உள்படலத் தடிப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் உள்படலத்திலிருந்து சிறு திசுவையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும், கர்ப்பப்பைக்குள் பொருத்தப்பட்டுச் சில ஆண்டுகள் மெதுவாக ஹார்மோனை வெளியிடும் சிறு கருவியும் உள்ளன. "குழந்தை பெற்று முடித்தாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்ற யோசனை நம் ஊரில் மிக விரைவாகவே முன்வைக்கப்படுகிறது. சிலருக்கு அந்த அறுவைச் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் வேறு வழிகள் என்ன, அவை எனக்கு ஏன் பொருந்தாது, சூலகங்களையும் சேர்த்து எடுக்கப்போகிறீர்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும். அதன் தொல்லைகளும் கடுமையாக இருக்கும்.

அதே நாளில் பார்த்துவிட வேண்டிய மற்றவை

இரத்தம் எடுக்கும்போதே தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, மூன்று மாதச் சர்க்கரை சராசரி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் முழு சைவ உணவு உண்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். சளிக்கும் அரிப்புக்கும் போடும் சில மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அசதியைத் தரக்கூடியவை. எனவே சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் அவசியம். இந்தப் பருவத்திலும் கருத்தரிக்க முடியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தூக்கம்

நடு இரவில் திடீரென்று உடம்பு கொதித்து, வியர்த்து நனைந்து விழித்துக்கொள்வது இந்தப் பருவத்துக்கே உரிய தொல்லை. மெல்லிய பருத்தி நைட்டி, மாற்றிக்கொள்ள இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில், படுக்கைக்கு நேராக மின்விசிறி, காரம் குறைந்த இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது ஆகியவை சிறிய ஏற்பாடுகள்தாம் என்றாலும் உதவக்கூடியவை. 150 மில்லி காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கிறது. குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் தங்கியிருக்கும். எனவே அசதியைப் போக்கக் குடிக்கும் மாலைக் காபியே இரவுத் தூக்கத்தைக் குலைத்து மறுநாள் அசதியைக் கூட்டுகிறது. மதியத்துக்குப் பிறகு காபியை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். பகலில் கண்ணயர்வதானால் மூன்று மணிக்கு முன்பாக, அரை மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும். எந்த நேரத்தில் படுத்தாலும் எழும் நேரம் மாறாமல் இருக்க வேண்டும். இருபது நிமிடம் போலப் புரண்டும் உறக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது திரும்பி வருவது நல்லது.

ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து, விடிகாலை நாலரைக்கு எழுந்து மதிய உணவு கட்டும் பெண்ணுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்தான். அந்தப் பற்றாக்குறையை எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

சத்தமாகக் குறட்டை விடுவதாகவோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகவோ வீட்டார் சொன்னால் அதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். இந்த வயதில் பெண்களுக்கும் அந்த நோய் கூடுகிறது. இரவு வியர்வை தாங்க முடியாததாக இருந்தால் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசலாம். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பின் அதைப் பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குட்பட்ட, வேறு தடை இல்லாத பெண்களுக்குப் பெரும்பாலும் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது இன்றைய நிலைப்பாடு. அசதியை மட்டும் போக்குவதற்காக இது தரப்படுவதில்லை. வியர்வையைக் குறைத்துத் தூக்கத்தை மீட்பதால் அசதியும் குறைகிறது. மார்பகப் புற்றுநோய், இரத்தம் உறைதல், கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதன்று. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரான் வகை மருந்தும் அவசியம் என்பதால் மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

வேலையும் உணவும் நடையும்

குறிப்பேட்டைப் பார்த்தால் ஒரு நாளில் உடம்பு ஒத்துழைக்கும் நேரம் எது என்பது தெரியவரும். கடினமான வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிப்போடுங்கள். சற்றுத் தெம்பாக இருக்கும் நாளில் தேங்கிய வேலை அனைத்தையும் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பதைவிட, எல்லா நாளும் பாதியளவு செய்வது நல்லது. வீட்டாரிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. மகனிடம் "இனிமே ராத்திரிப் பாத்திரம் உன் பொறுப்புப்பா" என்றும், கணவரிடம் "காலையில பால் காய்ச்சுறதும் டிபன் பாக்ஸ் கட்டுறதும் நீங்க பார்த்துக்குங்க" என்றும் வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிச் செய்யக் கூடாது.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு பதினொரு மணிக்கு மிஞ்சிய இட்லியைச் சாப்பிடுவதும், இரத்தசோகையோடு வாரத்தில் இரண்டு நாள் விரதம் இருப்பதும் அசதியை வளர்க்கும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. இட்லியும் சட்னியும் அதைத் தராது. ஒவ்வொரு வேளையிலும் முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீன் இவற்றில் ஒன்று இருக்கட்டும். நடைப்பயிற்சியைச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடையாகத் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டலாம். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது தொடைத் தசைகளுக்குப் போதுமான தொடக்கம். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருக்கும்போது இவற்றில் இறங்க வேண்டாம்.

அசதியோடு எதிலும் விருப்பமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்தப் பருவத்தில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. டெலி மனஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். நெஞ்சில் அழுத்தம், திடீர் மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கழிந்த பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரும்பு மாத்திரை தொடங்கி நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை மீண்டும் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை, குடல் உறிஞ்சவில்லை, அல்லது இரத்தப்போக்கு இன்னும் அடங்கவில்லை என்ற மூன்றில் எது காரணம் என்பதைக் கண்டறியும்படி மருத்துவரிடம் கேட்டு, அதற்கேற்பச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளுங்கள்.